போதும் என்று சொல்லும் செல்கள்

2023 ஜூன் 19, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இன்று விலங்கியல் முதல் பாடம். "உயிரிகள் தம்மைப் போன்ற உயிரிகளை" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன். மூச்சு எடுத்த பிறகுதான் "உருவாக்குகின்றன" வந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டிப் பேசுகிறேன். முன் பெஞ்சுப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். குடித்தேன். தாகம் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆய்வகம் மாடியில். படித் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய சுற்றறிக்கையைப் படிப்பதுபோல் நடித்தேன். தாண்டிப் போனவர்கள் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். தலையை மட்டும் ஆட்டினேன்.

காலையில் எங்கள் கோழிப் பண்ணையின் இரண்டாம் ஷெட்டில் முட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வேலைக்கு வரும் பெண்கள் இருவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். "நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று ஷெட் கோழியை ஒற்றை ஆள் எப்படிப் பார்ப்பது? வீட்டுக் கொல்லையில் இருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம்தானே.

ஜூலை 7, வெள்ளி

சளிப் பரிசோதனை முடிவு வந்தது. காசநோய் இல்லை. ஆஸ்துமா என்று இரண்டு வருடமாக மருந்தை உறிஞ்சுகிறேன், அதற்கும் இந்த இருமலும் இரைப்பும் அடங்கவில்லை. பிறகு என்னதான் இது?

ஜூலை 16, ஞாயிறு

எரு அள்ளும் நாள். பகல் முழுக்க ஷெட்டிலேயே. சாயங்காலம் குளிர் நடுக்கம், காய்ச்சல், கை கால் முறிவதுபோல் வலி. போன முறை எரு அள்ளியபோதும் இப்படித்தான். விடிந்தால் போய்விடும். அத்தை மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். "வாரம் பூராவும் நின்னுட்டே பாடம் எடுத்தா ஒடம்பு என்ன பண்ணும் சாமி? ஞாயித்துக்கெழமை வந்தா படுத்துக்கத்தான் கேக்கும்."

ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பிடித்துத் தைக்க வேண்டும்.

ஜூலை 24, திங்கள்

தலைமையாசிரியர் முருகானந்தம் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், பிளஸ் டூவ இந்த வருசம் வேற ஒருத்தரு பாக்கட்டுங்க. நீங்க பிளஸ் ஒன்னுல ரெண்டு பீரியடும் லைப்ரரியும் பாருங்க. உங்க ஒடம்புக்காகத்தான் சொல்றேன்."

சரிங்க சார்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஏன் சொன்னேன்? என் பாடம் அது. என்னால முடியும்னு சொல்லியிருக்கோணும். சண்டை போட்டிருக்கோணும். போடறதுக்கு மூச்சு வேணுமே.

லைப்ரரியில் ஒரு பெண் வந்து புத்தகம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பேச வேண்டிய தேவையே இல்லாத வேலை.

ஆகஸ்ட் 11, வெள்ளி. மதுரை

பயிற்சி முகாமுக்கு வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. தங்கும் விடுதியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. முதல் நாள் மலைத்துப் போய் நின்றேன். இன்று இடையில் நிற்காமல் ஏறிவிட்டேன். அறைத் தோழி இன்றுதான் கேட்கிறார், "உங்களுக்கு இருமல் நின்னுருச்சா?" என்று. நானே கவனிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "மதுரைத் தண்ணி ஒத்துக்குது போல. அங்கயே ஒரு ஊடு பாத்தரலாமா?" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஊர் வந்து சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. இருமல், காய்ச்சல், எல்லாம் பழையபடி. மதுரையில் நடந்ததெல்லாம் பொய்யா?

செப்டம்பர் 16, சனி

சேலத்தில் நுரையீரல் மருத்துவர் அறிவுச்செல்வியைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும். அவசரமே இல்லாத மனுஷி. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அடிப்பக்கம் வெகுநேரம் கேட்டார். விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி: "ஊரை விட்டு வெளிய எங்காச்சும் போயி தங்குனா எப்படீங்க இருக்கு?"

மதுரையைச் சொன்னேன். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"வீட்ல கோழி, புறா, கிளி ஏதாச்சும் வளக்கறீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், நாமக்கல்லுக்காரங்ககிட்ட வந்து கோழி இருக்குதான்னு கேக்கறீங்களே. எருமப்பட்டி ரோட்டுல பண்ணையே நம்முளுதுதானுங்க. ஊட்டுக்குப் பொறவால மூணு ஷெட்டு."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது. ஸ்கேனும், மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுக் கழுவி எடுக்கும் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

செப்டம்பர் 30, சனி

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிகை உணர்வு நுரையீரல் அழற்சி. நடுங்க வேண்டிய நேரம். எனக்கோ, பெயர் கிடைத்ததில் முதலில் ஒரு நிம்மதி.

என் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் இருந்த செல்களில் பாதிக்கும் மேல் லிம்போசைட். நல்ல நுரையீரலில் ஏதோ கொஞ்சம்தான் இருக்கும். "கிருமி எதுவும் இல்லீங்க டீச்சர்" என்றார் டாக்டர். "எதிரியே இல்ல. படை மட்டும் வந்து உக்காந்திருக்குது."

இதைத்தானே வருடா வருடம் நடத்துகிறேன். கோழியின் எச்சத்திலும் இறகிலும் இருக்கும் புரதம் தூசியாகப் பறந்து மூச்சோடு உள்ளே போகிறது. காற்றுப் பைகளில் காவல் நிற்கும் பெருவிழுங்கு செல் அதைப் பிடித்து விழுங்கிவிட்டு, 'வாருங்கள்' என்று வேதிச் செய்தி அனுப்புகிறது. சைட்டோகைன். அதைக் கேட்டு டி செல்கள் வருகின்றன. வந்தவை தாமும் செய்தி அனுப்ப, இன்னும் வருகின்றன. இதை அடக்கவும் ஒரு கூட்டம் உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள். 'போதும், கலையுங்கள்' என்று சொல்ல வேண்டியவை அவைதான். எனக்குள் 'வா' என்பது மட்டும் ஓங்கிக் கேட்கிறது. 'போதும்' என்பது எடுபடவில்லை. சண்டை ஓயாத இடத்தில் தழும்பு கட்டுகிறது. தழும்பு பலூன்போல விரியாது. அதனால்தான் என் மூச்சு பாதியில் நிற்கிறது.

எத்தனை வருடம் கரும்பலகையில் இதற்கெல்லாம் அம்புக்குறி போட்டிருப்பேன்.

அவருக்கு வேறு சந்தேகம். "டாக்டர், நாள் பூரா அதுக்குள்ள கெடக்கறவன் நானு. பீடி வேற குடிக்கறேன். எனக்கல்லங்க வந்திருக்கோணும்?"

"ஒரே தூசிதாங்க, வாங்கற ஒடம்பு வேற வேற. ஏன் இவங்களுக்கு வந்துச்சு, உங்களுக்கு வரலைங்கறது முழுசா யாருக்கும் தெரியாதுங்க. பீடிய விடுங்க, அது வேற கதை."

"மாத்திரையில கேக்குமுங்களா?"

"மாத்திரை சண்டைய அமத்தும். ஆனா தூசி உள்ள போயிட்டே இருந்தா எத்தன நாளைக்கு அமத்த முடியும்? கட்டுன தழும்பு கட்டுனதுதான். மிச்சத்தக் காப்பாத்திரலாம். அதுக்கு இவங்க பண்ணைய விட்டு வெளிய வரோணும்."

திரும்பும் வழியில் ராசிபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினார். டீ ஆறிப்போகும்வரை கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார்.

அக்டோபர் 1, ஞாயிறு

அத்தையிடம் சொன்னோம். "நானுந்தான் முப்பது வருசமா கோழியோட கெடக்கறேன்" என்றார். மத்தியானம் எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருந்தார். கோபமா, பிரியமா, எதுவென்று தெரியவில்லை.

முடிவு இது: நான் ஷெட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டில் முகக்கவசம். கொல்லைப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பலகை. ஸ்டீராய்டு மாத்திரை.

அக்டோபர் 21, சனி

ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் முன்னேற்றம் இல்லை. முகம்தான் ஊதியிருக்கிறது. "நீங்க இன்னும் வெளிய வரலீங்க டீச்சர்" என்றார் டாக்டர். ஜன்னலை அடைத்ததைச் சொன்னேன். "காத்துக்குப் பலகை போட முடியுங்களா?"

சாயங்காலம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். டவுனில் பள்ளிக்குப் பக்கமாக வீடு பார்க்கிறேன், நான் மட்டுமாவது போகிறேன் என்று.

அத்தை வெடித்துவிட்டார். "பொண்டாட்டிக்கு ஒரு ஊடு, புருசனுக்கு ஒரு ஊடா? ஊரு என்ன பேசும்? யுவஸ்ரீக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப என்னன்னு சொல்றது?" திருச்செங்கோட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளின் கல்யாணம்வரை போய்விட்டார்.

"நான் செத்துட்டா என்னன்னு சொல்லுவீங்க அத்தை?"

கடைசியில் அவர்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொழுதோட நான் அங்க போயிக்கறம்மா. விடிஞ்சா பண்ணைக்கு வந்தர்றேன். போலாம் கயலு."

அக்டோபர் 29, ஞாயிறு

குடிவந்தாயிற்று. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. துணிமணி எல்லாவற்றையும் துவைத்துக் கொண்டுவந்தேன். மெத்தையை விட்டுவிட்டு வந்தோம். கிரைண்டரை அவரே தோளில் தூக்கி ஏற்றினார்.

அத்தை வாசலுக்கு வரவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

யுவஸ்ரீ வந்திருக்கிறாள். "அம்மா, நீ ஒரு தடவைகூட நிக்காம மாடிக்கு வந்துட்ட" என்றாள், துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது. அங்கிருந்து கொல்லிமலை முழுசாகத் தெரிந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நவம்பர் 17, வெள்ளி

மறுபடியும் இருமல். பட்டாசுப் புகையாக இருக்கும்.

நவம்பர் 22, புதன்

முட்டை வியாபாரி வீட்டுக் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமையே அவர் கொச்சிக்குப் போய்விட்டார். புகை கலைந்துவிட்டது போலும். இரண்டு நாளாக இருமல் இல்லை. பிளஸ் ஒன் வகுப்பில் இன்று நிற்காமல் பேசினேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. கவனிக்காததுதான் சந்தோஷம்.

நவம்பர் 24, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும்...

நேற்று கொச்சியிலிருந்து வந்தவர் நேராகப் பண்ணைக்குப் போய், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இங்கே வந்தார். அவர் சட்டையை ஊறவைக்கலாம் என்று ஆணியிலிருந்து எடுத்து உதறினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பூஞ்சிறகு எழும்பி, ஆடி ஆடிக் கீழே இறங்கியது. பின்னாலேயே இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பட்டாசு இல்லை. கொச்சிக்குப் போன நாட்களில் எனக்கு ஒன்றுமில்லை. அவர் வந்தார், அதுவும் வந்தது.

அவர்தானா? அவர் தலைமுடி, அவர் சட்டை, அவர் தோளா? தினமும் அலுத்துச் சலித்து பண்ணையிலிருந்து எங்கிட்ட வர்ற மனுசன்கிட்ட இதை எந்த வாயால சொல்லுவேன்?

நவம்பர் 25, சனி

சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வரும் தூசி, புரதம் என்று பாடம் நடத்துவதுபோல. அவர் நேராகக் கேட்டார்.

"நான் உள்ள வந்தா உனக்கு மூச்சு முட்டுது. அதான?"

"உங்களாலன்னு இல்லீங்க மாமா, அந்தத் தூசி..."

"என்ன தூசி. இருவத்தி நாலு வருசமா அந்தத் தூசிதான் நானு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு மூடி வைத்தது அப்படியே இருக்கிறது.

நவம்பர் 26, ஞாயிறு

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பொழுது சாய வண்டிச் சத்தம். கதவைத் திறந்தால் யாரோ ஓர் ஆள் நிற்கிறார். மொட்டைத் தலை. மீசையும் இல்லை. ஒரு நொடி நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்தன்று பார்த்த நாளிலிருந்து மீசை இல்லாத அவர் முகத்தை நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், மாமனார் காரியத்தின்போது. மேலுதட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. புதுச் சட்டை, புது வேட்டி.

"முடியில ஒட்டும்னல்ல? எடுத்துட்டேன். மீசைலயும் ஒட்டுமல்ல, அதையும் எடுத்துட்டேன்."

வழியில் இருக்கும் அவர் கூட்டாளி ராசப்பன் தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறாராம். பண்ணையிலிருந்து நேராக அங்கே போய், பம்புசெட்டில் தலையோடு தண்ணீர் வார்த்துக்கொண்டு, அங்கேயே வைத்திருக்கும் மாற்றுத்துணியைக் கட்டிக்கொண்டு, ராசப்பனுடைய இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வருவாராம். பண்ணைத் துணி, பண்ணைச் செருப்பு, பண்ணை வண்டி எதுவும் இந்தப் பக்கம் வராது. இதற்குத்தான் இந்த மூன்று நாளும்.

"அம்மா பாத்துட்டு ஒரே சத்தம். ஏன்டா மாதேஸ்வரா, நம்ம ஊட்டுல ஆரு செத்தாங்கன்னு ஊரே கேக்குதுங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆரும் சாகக் கூடாதுன்னுதான் எடுத்தேன், அப்படியே சொல்லும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

முதலில் அழுகை வந்தது. பிறகு அந்த வெள்ளை மேலுதட்டைப் பார்த்ததும் சிரிப்பு. அடக்கவே முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. இருமல் வரவில்லை. அவ்வளவு சிரித்தும் வரவில்லை.

2024 ஜனவரி 20, சனி

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டு "மறுபடி ஒருக்கா ஊதச் சொல்லு" என்றார். மறுபடியும் அதே அளவு. மேலே போயிருக்கிறது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே.

"இவ்வளவு நாளா எங்கீங்க டீச்சர் ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்த மூச்சை?"

போன வாரம் மறுபடி எடுத்த மொட்டையில் லேசாக முள்ளு முள்ளாக முடி வந்திருக்கும் அவரைக் காட்டினேன். ஸ்டீராய்டைக் குறைத்து இன்னொரு மாத்திரை சேர்த்திருக்கிறார். சர்க்கரை ஏறியிருக்கிறது, இனிப்பு கூடாது. பொங்கலுக்குச் செய்த அதிரசம் இன்னும் டப்பாவில் இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பிளஸ் டூ விலங்கியல் எடுத்தவர் மகப்பேறு விடுப்பில் போய்விட்டார். தேர்வு அடுத்த மாதம். முருகானந்தம் சார் லைப்ரரிக்கே வந்தார். "டீச்சர், ரிவிஷன் மட்டும்... முடியுங்களா?"

"முடியுங்க சார்."

நோய்த்தடைக்காப்புப் பாடம். மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி வரை நின்றே பேசினேன். படம் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், நம்ம படையே நம்மள அடிச்சா அதை யாரு நிறுத்துவாங்க?"

ஒழுங்குபடுத்தும் டி செல்லைச் சொன்னேன். எல்லாச் செல்லும் "வா, அடி" என்று சொல்லும்போது "போதும்" என்று சொல்கிற செல் அது, அந்தக் குரல் கேட்காமல் போனால் கிருமி இல்லாமலேயே மனுசன் நோயாளி ஆவான் என்றேன்.

"கேக்காமப் போனா என்ன மிஸ் பண்றது?"

"சண்டைக்குக் காரணமானதைத் தள்ளி வெக்கோணும். சத்தம் கொறைஞ்சா அந்தக் கொரல் கேக்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். தேர்வில் இந்தக் கேள்வி வராது. வராவிட்டால் போகிறது.

மே 9, வியாழன். சேலம் மருத்துவமனை

மாத்திரைகள் என் படையை அமர்த்தி வைத்திருக்கும் நேரத்தில் நிஜமான கிருமி ஒன்று புகுந்துவிட்டது. நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன். படை அன்று அதிகமாகச் சண்டை போட்டது, இப்போது போட வேண்டிய நேரத்தில் போடவில்லை. தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கீழே இருப்பது நான்தானா?

பயமா இருக்குது. யுவஸ்ரீகிட்ட சொல்லல.

மே 11, சனி

கண் விழித்தால் கட்டில் பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். டவுன் வீட்டுக்கு ஒரு நாளும் வராதவர், அவ்வளவு தூரம் பஸ் ஏறி சேலம் வந்திருக்கிறார். மடிப்புக் கலையாத புதுச் சேலை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கடையில எடுத்து நேரா மக ஊட்டுல கட்டிட்டு வாரேன் சாமி. இந்தச் சேலை கோழியவே பாத்ததில்ல. பயப்படாத."

கையைப் பிடித்துக்கொண்டேன். பேசினால் மூச்சு வாங்கும். அதனால் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மே 16, வியாழன்

வீடு. ஆக்சிஜன் வேண்டாம் என்றாகிவிட்டது. தப்பித்தேன். இரண்டாவது தடவை.

ஜூன் 2, ஞாயிறு

பெரிய சண்டை. நல்ல சண்டை.

வயதான கோழிகளை எல்லாம் கழித்துவிட்டார்கள், புதுக் குஞ்சு இறக்க வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். இறக்கவில்லை என்பது அத்தை சொல்லித்தான் தெரிகிறது. மூன்று ஷெட்டையும் பங்காளி சின்னராஜுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பரமத்தி வேலூர் பக்கம் ஆற்றுப் பாய்ச்சலில் நிலம் பிடித்து வாழை போடப் போகிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"என்னைக் கேக்காம எப்படீங்க பண்ணலாம்? நான் பண்ணைய விடச் சொன்னனா? குளிச்சுட்டு வந்தீங்க, நல்லாத்தான இருந்துச்சு? நாளைக்கு வாழை கவுந்துச்சுன்னா இவளாலதான்னு பேசறதுக்கா?"

"உனக்காகன்னு ஆரு சொன்னா?" என்றார். "ரோட்டுல வாரப்பவெல்லாம் ஒரே ரோசனை. காதுக்குப் பொறவால தேச்சனா, நகத்துல இருக்குதா, இன்னிக்கு எம்பொண்டாட்டிக்கு நான் என்னத்தக் கொண்டு போறேன்னு. ஆசுபத்திரியில உன்ன அப்படிப் பாத்தன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பயமில்லாம ஊடு வரோணும் கயலு. அது எனக்காகத்தான்."

நான் எதிர்த்துப் பேசினேன். அவரும் பேசினார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினோம். கடைசியில், இனிமேல் முடிவு என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். நேந்திரனா, பூவனா என்பதை நான் சொல்வதாக ஏற்பாடு. பூவன்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. முருகானந்தம் சார் கால அட்டவணையை நீட்டினார். பிளஸ் டூ, இரண்டு பிரிவும்.

செப்டம்பர் 21, சனி

நடைப் பரிசோதனை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும், விரலில் கருவியோடு. கூட நடந்த நர்ஸ் பெண் பாதியில், "அக்கா, கொஞ்சம் மெதுவாப் போங்க, எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். ஆக்சிஜன் இறங்கவே இல்லை.

பழைய ஸ்கேனையும் புதியதையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் இரண்டு நுரையீரலிலும் பனிமூட்டம்போல் ஒரு மங்கல். புதியதில் அது இல்லை. கறுப்பாக, சுத்தமாக, காற்று நிறைந்து இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

"அது தழும்புங்க. போகாது. ஆனா இந்த ஒரு வருசத்துல ஒரு கோடுகூட ஏறல. சண்டை முடிஞ்சிருச்சு டீச்சர்."

"ஜெயிச்சது ஆருங்க டாக்டர்?" என்று அவர் கேட்டார். மீசை பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது, நடுவில் நாலைந்து நரை.

"யாருமே சண்டை போடாம வீட்டுக்குப் போயிட்டாங்க. அதான் ஜெயிப்பு."

ஸ்டீராய்டை அடியோடு நிறுத்தியாயிற்று. இன்னொரு மாத்திரை மட்டும் கொஞ்ச நாளைக்கு. நிறுத்தியிருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதாது, இன்னும் ஓரிரு தடவை நடுவிலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்துக் கொடுத்தார்.

வரும் வழியில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டேன். ராசிபுரம் தாண்டி மழை. முகத்தில் அடித்தது. ஏற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மாவட்டக் கோ-கோ விளையாட்டுப் போட்டி. உடற்கல்வி ஆசிரியைக்குக் காய்ச்சல், அதனால் நேற்றும் இன்றும் பிள்ளைகளோடு நான்தான் திருச்செங்கோட்டில். எதிரணி உயரம் உயரமாக இருந்தார்கள், போன வருடம் ஜெயித்த அணி. எங்கள் பிள்ளைகள் பதற ஆரம்பித்ததும் எல்லைக் கோட்டின் ஓரமாக ஓடிக்கொண்டே கத்தினேன். "இடம் விடாத, வளைஞ்சு போ, பாத்து உக்காரு!" நடுவர் இரண்டு முறை எச்சரித்தார். ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். பிள்ளைகள் கோப்பையோடு என்னையும் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லாரும் சேர்ந்து மண்ணில் விழுந்தோம். சேலையெல்லாம் செம்மண்.

பஸ்ஸில் பாட்டும் கும்மாளமும். நாமக்கல் நெருங்கும்போது போன். டாக்டர் அறிவுச்செல்வி.

"டீச்சர், நேத்து உங்களுக்கு இங்க அப்பாயிண்ட்மென்ட். காலைலருந்து காத்திருந்தேன். ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சான்னு பயந்துட்டேன்."

நாட்காட்டியில் எழுதி வைத்திருந்தேன், வீட்டுக்காரரும் நினைவுபடுத்தினார். சுத்தமாக மறந்தே போனேன். உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"சீக்கையே மறந்துட்டீங்களா? திட்டறதா, சந்தோசப்படறதான்னு தெரியல. புதன்கிழமை கண்டிப்பா வரோணும்."

வருகிறேன் என்றேன். புதன் முதல் பீரியட் சிறு தேர்வு வைத்திருக்கிறேன். அப்பாயிண்ட்மென்டை வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று காலையில் டாக்டரைக் கேட்க வேண்டும்.